பத்தாவது கணக்கு

சீட்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்துச் சீட்டு என்றாலே மெத்தைக்காரிக்குப் பயம். மகளைப் பற்றி நல்ல சேதி சொல்லி அங்கிருந்து இதுவரை ஒரு துண்டுக் காகிதம்கூட வந்ததில்லை. கையிலிருந்த கோணி ஊசியைப் பாதி தைத்த மெத்தையில் குத்தி நிறுத்திவிட்டு, சீட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தாள்.

"இரண்டாம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு. மாணவர்கள் சிலேட்டை மேசையில் தட்டும் சத்தம் கீழே என் அறையில் இடியாக இறங்குகிறது. மாத வருகைப் பதிவை மூன்று தடவை கூட்டினால் மூன்று விதமாக வருகிறது. இந்தச் சத்தத்தில் ஒரு மனிதன் இரண்டும் இரண்டும் எத்தனை என்றுகூட யோசிக்க முடியாது. திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு சிலேட்டும் சத்தம் எழாதபடி ஏற்பாடு செய்து அனுப்பவும்."

அடியில் தலைமையாசிரியரின் கையெழுத்து. பெரிய சார் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள்.

பயம் போய்க் கோபம் வந்தது. "தட்டச் சொல்றதும் இவங்கதான், தட்டுனா காது வலிக்குதுன்னு சீட்டு அனுப்புறதும் இவங்கதான். நல்லா இருக்கு நியாயம்," என்றாள்.

எதிரே உட்கார்ந்து உறையில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த பஞ்சக்கா, தலைமுடியெல்லாம் வெள்ளைப் பிசிறோடு நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைங்க வாயத்தான் கட்டிப் போடுவாங்க. இப்போ சிலேட்டுக்கும் வாய்க்கட்டா?"

"கேளுங்க நல்லா," என்று சீட்டை நான்காக மடித்து, இடுப்புப் பையில் இருந்த ஊசிகளை அதில் குத்தி வைத்துக்கொண்டாள். பெரிய சாரின் காகிதம் நல்ல தடிப்பு. ஊசி குத்தி வைக்கத் தோதாக இருந்தது.

அந்தத் தட்டு என்பது இரண்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் ஏற்படுத்திய பழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் கரும்பலகையில் பத்துக் கணக்கு எழுதுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பார். பத்தே நிமிடம். முடித்த பிள்ளை சிலேட்டைக் கவிழ்த்துப் பட்டென்று மேசையில் அடிக்க வேண்டும். முதல் தட்டு யாருடையதோ, அந்தப் பிள்ளைக்கு வருகைப் பதிவேட்டைக் கீழே அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் மரியாதை. பத்து நிமிடத்துக்குள் தட்டாத பிள்ளைகள் மணி அடிக்கும்வரை கதவோரத்தில் நிற்க வேண்டும். கதவோரத்தில் வேறு யார் நின்றாலும் நிற்காவிட்டாலும் மெத்தைக்காரியின் மகள் நிற்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். "கடைசி" என்பார்கள். "கடைசி, தள்ளி உக்காரு." "கடைசி, உன் குச்சியக் குடு." பெற்ற தாய் வாசலில் நிற்கும்போதே ஒருநாள் ஒரு வாண்டு அப்படிக் கூப்பிட்டது. மகளும் தன் பெயர்தான் அது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். அவள் திரும்பிப் பார்த்ததுதான் மெத்தைக்காரியின் நெஞ்சில் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

பெண் ஏற்கெனவே ஒரு வருடம் இரண்டாம் வகுப்பிலேயே நின்றுவிட்டவள். மற்ற பிள்ளைகளைவிட ஒரு தலை உயரம். இந்த வருடமும் நிறுத்தினால் பெயரையே அடித்துவிடுவார்கள்; ஒரே வகுப்பில் இரண்டு முறை நின்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்தப் பள்ளியின் விதி. யார் மேலே போகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்ற பட்டியல் இன்னும் பதினெட்டு நாளில் சுவரில் ஒட்டப்படும். டீச்சர் போன மாதமே சொல்லிவிட்டார்: "உங்க பொண்ணு மந்தம்மா. மண்டைல ஏற மாட்டேங்குது. உங்க கூடவே கடையில உக்கார வச்சு ஒரு தொழிலக் கத்துக் குடுங்க."

இதில்தான் மெத்தைக்காரிக்கு ஒன்று விளங்கவே இல்லை. அதே பெண் சாயங்காலம் கடைக்கு வந்தால், "அம்மா, இந்தத் துணியில மூணு தலையணை போனா நாப்பத்தாறு அங்குலம் மிஞ்சும்," என்பாள். அளந்து பார்த்தால் நாற்பத்தாறுதான் இருக்கும். கடையில் வரும் கணக்கு பள்ளிக்கூடத்தில் ஏன் வரவில்லை? கொழுப்புதான் என்று முடிவு கட்டினாள். திட்டினாள். இரண்டு தடவை கை நீட்டியும் இருக்கிறாள். "வேணும்னே பண்றியாடி நீ? உண்மையிலயே மந்தமா?" என்று அவளே கேட்டும் இருக்கிறாள்.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டு சிலேட்டுகள் நாற்பத்திரண்டு கோலத்தில் வந்து சேர்ந்தன. ஒருவர் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார். வகுப்பு முழுக்க ரப்பர் நாற்றம். ஒருவர் காலுறையை முழு சிலேட்டுக்கும் மாட்டி அனுப்பியிருந்தார். எழுத வேண்டுமென்றால் கழற்ற வேண்டும், கழற்றினால் பழைய சத்தம். ஒருவர் பசை போட்டுப் பஞ்சு ஒட்டியிருந்தார். முதல் மணி அடிப்பதற்குள் அந்தப் பஞ்சைப் பிய்த்துப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். கயிறு சுற்றிய சிலேட்டோ மேசையில் நிற்காமல் உருண்டு தரையில் விழுந்து, முன்னைவிடப் பெரிய சத்தம் போட்டது.

பெரிய சாரே மாடி ஏறி வந்தார். ஒவ்வொரு சிலேட்டாக எடுத்து மேசையில் தட்டினார். தட்டத் தட்ட முகம் சுருங்கிக்கொண்டே போனது. மெத்தைக்காரி மகளின் சிலேட்டைத் தட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினார். தன் காதில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தில் இன்னும் இரண்டு தடவை ஓங்கித் தட்டினார். பொத் என்று கேட்டதோடு சரி.

மெத்தைக்காரி செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சோபா வேலையில் மிஞ்சிய தடித்த கம்பளித் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, சிலேட்டின் மரச்சட்டத்தின் மேல் மடித்துப் போர்த்தி, குத்தூசியால் சட்டத்தில் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் இரு பக்கமும் இழுத்துத் தைத்திருந்தாள். மேசையில் முதலில் இடிப்பது மூலைதான் என்பதால் மூலைக்கு மட்டும் இரண்டு மடிப்பு. முடிச்சைத் துளைக்குள்ளேயே இறக்கிவிட்டாள். குழந்தையின் கை பட்டு அவிழ்ந்துவிடக் கூடாது பாருங்கள்.

அன்று மாலையே அவளை வரச் சொன்னார் பெரிய சார். "எல்லா சிலேட்டுக்கும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்களேன். உங்களுக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை."

அஞ்சு நிமிஷமாம். ஒரு சட்டத்துக்கு இருபது துளை, நாற்பத்தொரு சட்டம். எந்த வேலையும் செய்யாதவர்களுக்கு எல்லா வேலையும் அஞ்சு நிமிஷம்தான். வாய்வரை வந்த பேச்சை அவள் முழுங்கினாள். பட்டியல் ஒட்டப் பதினான்கு நாள் இருந்தது. இந்த மனிதரின் மனசு கொஞ்சம் இளகினால் மகளின் பெயர் தப்பாதா என்ற நப்பாசைதான். "சரிங்க சார்," என்றாள். அப்படிச் சொன்னதற்காக வீடு வரும்வரை தன்னையே கரித்துக் கொட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை பகல் முழுக்கக் கடையில் அதே வேலை. பஞ்சக்கா கம்பளி நறுக்கினாள். அச்சகத்தில் இயந்திரம் ஓட்டும் அவள் வீட்டுக்காரர் துளை போட வந்தார். பதினைந்து வருடம் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. தைத்து முடித்த முதல் சிலேட்டை எடுத்து மேசையில் ஓங்கி அடித்துப் பார்த்து, "பிரமாதம். ஒண்ணுமே கேக்கல," என்றார்.

"உங்களுக்கு என்னிக்குக் கேட்டுச்சு, இன்னிக்குக் கேக்க," என்றாள் மெத்தைக்காரி. பஞ்சக்கா சிரித்துச் சிரித்துக் கம்பளியைக் கோணலாக வெட்டிவிட்டாள்.

பட்டியலுக்கு முந்திய கடைசி வெள்ளிக்கிழமை. மதியம் மெத்தைக்காரி ஒரு பெரிய மெத்தையின் விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து நின்றாள். பள்ளி விடும் நேரம் இல்லை. முகம் அழுது வீங்கியிருந்தது. கையில் சீட்டு.

"உங்கள் மகள் சோதனையில் பார்த்து எழுதிப் பத்துக் கணக்கும் சரியாகப் போட்டிருக்கிறாள். உடனே நேரில் வரவும்."

நாற்பத்தொரு சிலேட்டு தைத்துக் கொடுத்துக் கொஞ்சம் நல்ல பெயர் சேர்த்தால், அதையும் ஒரே நாளில் குழியில் தள்ளிவிட்டாளே இவள். "இதுவரைக்கும் பட்ட மானக்கேடு போதாதாடி? திருட்டுத்தனம் வேறயா?" என்று கையை ஓங்கினாள்.

"நான் பார்த்து எழுதலம்மா."

"பின்ன பத்தும் எப்படிடி சரியா வந்துச்சு?"

கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே உறைத்தது. பத்தும் சரி. சந்தோஷப்பட வேண்டிய வாய் அதட்டுகிறது. ஓங்கிய கையைக் கீழே போட்டாள்.

"தட்டு சத்தம் கேக்கல. அதான்," என்றாள் மகள்.

அவள் சொன்னதன் அர்த்தம் அப்போது பிடிபடவில்லை. ஊசியை இடுப்புப் பையில் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்தபடி குறுக்கு வழியில் வேகமாக நடந்தாள். அந்தக் குறுக்குத் தெருவில் ஒரு தகரக் கடை இருக்கிறது. பெட்டிகளும் வாளிகளும் அங்கே நாள் முழுக்க அடிபடும். மகள் எப்போதும் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவாள். அதையும் சோம்பேறித்தனம், ஊர் சுற்றுகிற புத்தி என்றுதான் மெத்தைக்காரி நினைத்திருந்தாள்.

"என்னமோ சத்தம்னு சொன்னியே, என்னது அது?" என்றாள் நடந்துகொண்டே.

"அதும்மா, நான் நாலாவது கணக்கு போட்டுட்டு இருப்பேன். அப்போ—" தகரக் கடையில் சுத்தியல் விழுந்தது. மகள் நின்றுவிட்டாள். "அப்போ—" மறுபடி விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது, பேச்சு வரவில்லை. கண் எங்கோ போய்விட்டது. ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சின்னத் தோள் தூக்கித் தூக்கிப் போட்டது.

மெத்தைக்காரி அவளைத் தூக்காத குறையாகத் தெருக்கோடிவரை கொண்டுபோனாள். "இப்போ சொல்லு."

"யாராவது ஒருத்தர் தட்டுனா என் கை நின்னுடும். எந்த எண்ல இருந்தேன்னு மறந்துடும். மறுபடி முதல்லேருந்து போடுவேன். அதுக்குள்ள நாலு பேர் தட்டிடுவாங்க. அப்புறம் எல்லாரும் தட்டுவாங்க. இன்னிக்கு யார் முடிச்சாங்கன்னே எனக்குத் தெரியல. நான் பாட்டுக்குப் போட்டேன்."

"இத ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

தெருக்கோடியில் அப்படியே நின்றாள் மெத்தைக்காரி. இரண்டு வருடம். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை. இந்தப் பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. அது யோசிக்கும்போதெல்லாம் தலையில் நாற்பத்தொரு அடி அடித்து, ஏன் யோசிக்கவில்லை என்று கதவோரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மந்தம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பெற்றவளும் கூடச் சேர்ந்து ஆமாம் போட்டிருக்கிறாள். உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

மாடி வகுப்பறையில் கணக்கு டீச்சர் மட்டும் இருந்தார். பிள்ளைகள் இடைவேளைக்குப் போயிருந்தார்கள். சோதனை சிலேட்டுகளைத் திருத்தி இரண்டு அடுக்காக மேசையில் வைத்திருந்தார். மகளின் சிலேட்டு மட்டும் தனியாக, பிடிபட்ட திருட்டுப் பொருள் மாதிரி நடுவில் கிடந்தது.

"வாங்கம்மா. நீங்களே பாருங்க. ரெண்டு வருஷமா மூணு கணக்குக்கு மேல போகாத பொண்ணு. இன்னிக்குப் பத்துக்குப் பத்து. நம்புற மாதிரியா இருக்கு?"

"நான் நம்புறேன் டீச்சர்."

"என்னால முடியல. சத்தமே இல்லாததால நான் கொஞ்சம் கவனிக்காம இருந்துட்டேன். அந்த நேரத்துல பார்த்து எழுதிட்டா."

"யாரப் பார்த்து எழுதுனா?"

"பக்கத்துல இருக்கிற பையனைத்தான். வேற யாரை?"

"அந்தப் பையனுக்கு எத்தனை சரி?"

டீச்சர் அடுக்கில் தேடி ஒரு சிலேட்டை உருவினார். "ஏழு."

"முன்னால உக்கார்ற பிள்ளைக்கு?"

"எட்டு."

"பின்னால?"

"அஞ்சு. இதெல்லாம் எதுக்கு இப்போ?"

"எல்லா சிலேட்டும் இங்கதான இருக்கு. இந்த வகுப்புல பத்தும் சரியாப் போட்ட இன்னொரு பிள்ளை யாருன்னு காட்டுங்க. அந்தப் பிள்ளையப் பார்த்துதான் இவ எழுதிருக்கான்னு நானே ஒத்துக்கிறேன்."

டீச்சரின் கை இரண்டாவது அடுக்கின் மேல் போய் அப்படியே நின்றது. திருத்தியவர் அவர்தானே, அவருக்குத் தெரியாதா. அவசர அவசரமாகப் போட்டுத் தட்டுகிற பிள்ளைகளுக்கு எங்கேயாவது ஒன்று சறுக்கத்தான் செய்யும். பத்தும் சரியாகப் போட்ட சிலேட்டு அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"நாப்பத்தோரு பேருக்கும் வராத விடைய எம் பொண்ணு எங்கேருந்து பார்த்து எழுதுனா டீச்சர்? சுவத்துலயா எழுதிருந்துச்சு?"

டீச்சர் கையை அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் இந்த மாதிரி ஆட்கள் ஒரு வாசல் அடைபட்டால் இன்னொரு வாசலைத் திறந்துகொள்வார்கள். "சரி, அத விடுங்க. எல்லாத்துக்கும் காரணம் இந்தக் கம்பளிதான். யாரு முடிச்சா, யாரு முடிக்கலன்னு எனக்கு ஒண்ணும் தெரியல. முதல் தட்டு யாருன்னு பசங்களுக்குள்ள ஒரே சண்டை. வேகமே போச்சு. இத மொதல்ல எடுத்தாகணும்," என்று மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, முன்னால் கிடந்த சிலேட்டின் தையலில் விட்டார். நூல் நழுவியது. மூலையைத் திருப்பி முடிச்சைத் தேடினார். முடிச்சு துளைக்குள் இருந்தது. கத்தரி நழுவி விரலில் கீறியதுதான் மிச்சம்.

"அது மெத்தைத் தையல் டீச்சர். மேல ஏறிக் குதிச்சாலும் பிரியாது," என்றாள் மெத்தைக்காரி. "அவ்வளவு ஆசையா இருந்தா சட்டத்தோட உடைச்சு எடுங்க."

"வாங்க கீழ. பெரிய சாரே சொல்லட்டும்," என்று டீச்சர் விரலைச் சப்பிக்கொண்டே படியிறங்கினார்.

பெரிய சாரின் மேசையில் வருகைப் பதிவேடு விரித்துக் கிடந்தது. பக்கத்தில் சுவரில் ஒட்டத் தயாராக அந்தப் பட்டியல். இரண்டு பேரும் சொன்னதை அவர் பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து கேட்டார். மகள் கதவோரத்தில் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, பழக்கம்.

"பார்த்து எழுதுன விஷயத்த விட்டுடலாம் டீச்சர். அது நிக்காது," என்றார் கடைசியில். மெத்தைக்காரிக்கு மூச்சு வந்தது. "ஆனா டீச்சர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. போட்டி இல்லாம வகுப்பு நடக்காது. யார் மனசும் கோணாம ஒண்ணு செய்யலாம். உங்க பொண்ணோட சிலேட்டுல கம்பளி இருக்கட்டும். மத்தவங்களுக்கு எடுத்துடலாம். ஆசாரி சட்டத்த மாத்தித் தருவார்." தாராளமாக எதையோ தானம் செய்துவிட்ட திருப்தியில் நாற்காலியில் சாய்ந்தார்.

இவர் பெரிய படிப்புப் படித்தவர்.

"அவ சிலேட்டு சத்தம் போட்டா என்ன, போடாட்டி என்ன சார்? அவ சிலேட்டா அவளை அடிக்குது? மத்த நாப்பத்தொண்ணுதான சார் அடிக்குது."

"அப்படிச் சொல்லக் கூடாது. மத்த பிள்ளைங்களும் அதே சத்தத்துலதான உக்காந்து போடுறாங்க. சத்தம் எல்லாம் ஒரு காரணமா? மனசு வச்சா எதுலயும் யோசிக்கலாம்."

"உங்களுக்கு சார்? மறுபடி தட்டுனா உங்க தலையிலதான இறங்கும்?"

"நான் பார்த்துக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு பத்து நிமிஷம். அந்த நேரத்துக்கு வெளிய கொஞ்சம் நடந்துட்டு வந்துட்டாப் போச்சு."

மெத்தைக்காரி இடுப்புப் பையில் கைவிட்டாள். ஊசிகள் குத்தியிருந்த காகிதத்தை எடுத்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பெரிய சாரின் மேசையிலேயே வரிசையாக வைத்தாள். நான்கு மடிப்பையும் பிரித்து நீவினாள். முழுக்கப் பொத்தலாக இருந்தது. எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"இது யாரு கையெழுத்து சார்?"

அவர் எட்டிப் பார்த்தார். "என்னுதுதான்."

அவள் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "'மாத வருகைப் பதிவை மூன்று தடவை கூட்டினால் மூன்று விதமாக வருகிறது. இந்தச் சத்தத்தில் ஒரு மனிதன் இரண்டும் இரண்டும் எத்தனை என்றுகூட யோசிக்க முடியாது.'" காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "நடுவுல ஒரு தளம் இருக்கு. கதவு இருக்கு. கதவச் சாத்திட்டு உக்காந்திருக்கீங்க. ஐம்பது வயசு மனுஷன். உங்களாலயே கூட்ட முடியல. உங்களை யாராவது மந்தம்னு சொன்னாங்களா சார்? கதவோரத்துல நிறுத்துனாங்களா? ஊர் முழுக்கச் சீட்டு அனுப்பி, நாப்பத்திரண்டு வீட்ட வேலை வாங்குனீங்க. எம் பொண்ணுக்கு எட்டு வயசு. அந்தச் சத்தத்துக்கு நடுவுலயே உக்காந்திருந்தா. ரெண்டு வருஷம். நீங்க எந்திரிச்சு வெளிய நடந்துட்டு வருவீங்க. அவ எங்க சார் போவா?"

குரல் அவள் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. டீச்சர் விரலில் இருந்த கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. படியில் காலடிகள் தடதடவென்று ஏறின. தலைக்கு மேலே பெஞ்சுகள் இழுபட்டன. நாற்பத்தொரு பிள்ளைகளும் டீச்சரின் அடுக்கிலிருந்து சிலேட்டை எடுத்துத் தங்கள் மேசையில் வைக்கும் நேரம். பெரிய சாரின் கழுத்து தன்னால் சுருங்கியது, வருடக்கணக்கான பழக்கம். ஒன்றும் விழவில்லை. அவர் கூரையைப் பார்த்தார். பிறகு காகிதத்தைப் பார்த்தார்.

பட்டியலை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். மகளின் பெயருக்கு எதிரே இருந்த "நிறுத்தம்" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே "மூன்றாம் வகுப்பு" என்று எழுதினார்.

"கம்பளி எல்லாத்துலயும் இருக்கட்டும் டீச்சர்," என்றார் தலை நிமிராமல். "முடிச்சவங்க கையத் தூக்கட்டும். அந்தத் தட்டு இனிமே வேணாம்."

ஒரு கோடு. அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒரு பிள்ளையைக் கதவோரத்தில் நிறுத்தியதற்கு மை காயாத ஒரு கோடு. தப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்தும் வரவில்லை, டீச்சர் வாயிலிருந்தும் வரவில்லை. வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த டீச்சர் மகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெத்தைக்காரிக்குக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் மகள் இன்னும் கதவோரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஊசிகளைப் பொறுக்கி, அதே காகிதத்தில் மறுபடி குத்தி வைத்துக்கொண்டாள். பெரிய சார் காகிதத்தைத் திருப்பிக் கேட்பார் போலக் கையை நீட்டினார். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கை மேசைக்கே திரும்பிப் போனது.

வெளியே வந்து மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர்கள் சொல்லாததை யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"உன்ன மந்தம்னு நானும்தான் சொன்னேன். அடிக்கவும் செஞ்சேன். இன்னிக்குக்கூடக் கை ஓங்கிட்டேன். எம்மேலதாண்டி தப்பு."

மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மனசு வேறு எங்கோ இருந்தது. "அம்மா, பத்தாவது கணக்கு என்ன தெரியுமா? இருபதும் முப்பதும். அவ்வளவுதான்," என்றாள். "பத்தாவது மட்டும் எப்பவும் ஈசியாத்தான் குடுப்பாங்கன்னு பசங்க சொல்லுவாங்க. நான் நம்பவே மாட்டேன். நிஜமாவே ஈசிதாம்மா. இன்னிக்குத்தான் அது வரைக்கும் போனேன்."

மெத்தைக்காரி முந்தானையால் மகளின் முகத்தை ஒரு தடவை துடைத்தாள், தன் முகத்தை இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள். தைத்து முடிக்காத மெத்தை கடையில் காத்துக்கொண்டிருந்தது. எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தகரக் கடைத் தெருவை விட்டு, சுற்று வழியாகவே நடந்தாள்.